ஏ.டி.வி. ரேஸும் வேகமான டிரெயில் ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைகளில் ஏ.டி.வி. (கரடுமுரடான மண் பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி) ஓட்ட வரும் நண்பர்கள் ஒவ்வொரு சீசனிலும் கேட்கும் சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, ஜி.என்.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி ரேஸ் தொடர். மற்றது, மேற்கு வர்ஜீனியாவின் தெற்குப் பகுதியில் 2000ஆம் ஆண்டு திறந்த ஹாட்ஃபீல்ட்-மெக்காய் டிரெயில்கள், அதாவது காட்டு மலைப் பாதைகள். இன்று அவை 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. பெர்மிட் வாங்கினால் யாரும் ஓட்டலாம்.

நாங்களும் டிரெயில்ல பறக்கத்தான் செய்யறோம். ரேஸ்ல அப்படி என்ன வித்தியாசம்?

வித்தியாசம் ஸ்பீடோமீட்டரில் இல்லை. நீளமான நேர்பாதையில் உங்கள் வண்டியும் ரேஸ் வண்டியும் ஒரே வேகத்தைத் தொடக்கூடும். ரேஸ் கோர்ஸ் என்பது வெளியாள் நுழைய முடியாதபடி மூடிய பாதை. எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். அதே பாதையையே திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் எதிரே யாரும் வர மாட்டார் என்பது ரேஸ் ரைடருக்குத் தெரியும். அதனால் டயர் தரும் பிடி முழுவதையும் அவர் செலவு செய்யலாம்.

டிரெயிலில் போக்குவரத்து இரண்டு திசையிலும் உண்டு. அடுத்த வளைவில் ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு மெதுவாக ஏறி வந்துகொண்டிருக்கலாம். நேற்றைய மழையில் மரம் விழுந்து கிடக்கலாம். அங்கே டயரின் பிடி எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம்தான், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெரிகிற தூரத்தின் பாதிக்குள் வண்டியை நிறுத்த முடியாவிட்டால் அந்த இடத்துக்கு அந்த வேகம் அதிகம். ஏன் பாதி என்றால், எதிரே வருபவருக்கும் நிறுத்த இடம் வேண்டும். கீழே வரும் பதில்களில் பலவும் இந்த ஒரு விஷயத்தை ஒட்டியே வரும்.

எங்க குரூப்ல ஒருத்தன் எல்லாரையும் விட வேகமா ஓட்டுவான். அவன் ரேஸ்ல இறங்கினா ஜெயிப்பானா?

முதல் பதினைந்து நிமிடம் நன்றாகவே ஓட்டுவான். அதற்கப்புறம்தான் விஷயம் இருக்கிறது. ஜி.என்.சி.சி.யில் பெரியவர்களுக்கான ஏ.டி.வி. ரேஸ் இரண்டு மணி நேரம். ஒரு லேப், அதாவது ஒரு சுற்று, பெரும்பாலும் 16 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஓரிடத்தில் பிரமாதமாகப் போய் அடுத்த இடத்தில் மூச்சு வாங்கும் ஆளை அது சீக்கிரமே பின்னுக்குத் தள்ளிவிடும். நிதானமாக, ஒரு லேப்புக்கும் அடுத்த லேப்புக்கும் நேரம் பெரிதாக மாறாமல் ஓட்டுபவர்தான் மேலே வருவார்.

இன்னொன்றும் இருக்கிறது. டிரெயிலில் வேகமாகப் போகும்போது உங்கள் நண்பன் தனக்குப் பிடித்த பாதையில்தான் போகிறான். சேறு பிடிக்கவில்லையென்றால் சுற்றிக்கொண்டு போகலாம். ரேஸில் அந்தச் சேற்றில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் மாட்டிக்கொண்டிருக்கும், பின்னால் பத்துப் பேர் வந்துகொண்டிருப்பார்கள். எந்தப் பக்கம் போவது என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். இந்த முடிவெடுக்கும் பழக்கம் ரேஸ் ஓட்டினால்தான் வரும்.

ரேஸ் வண்டின்னா தனியா கிடைக்குமா, இல்ல நம்ம வண்டியையே மாத்திக்கறதா?

கடையில் கிடைக்கும் ஸ்போர்ட் குவாடை (வேகத்துக்கென்றே செய்த ஏ.டி.வி.) வாங்கி மாற்றுவதுதான் வழக்கம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, கே.டி.எம். எல்லாருமே 450 சி.சி. ரேஸ் குவாட் விற்றார்கள். ஒவ்வொருவராக விலகி, இன்று பெரிய கம்பெனிகளில் யமஹாவின் ஒய்.எஃப்.இசட்.450ஆர் ஒன்றுதான் நிற்கிறது. 2014 வரை வந்த ஹோண்டா டி.ஆர்.எக்ஸ்.450ஆர் வண்டிகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டி இன்னமும் ஓட்டுகிறார்கள். இந்த விளையாட்டை நேசிக்கும் எனக்கு இது வருத்தமான விஷயம்தான். ஆனால் அந்தப் பழைய வண்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பராமரிப்பவர்களைக் கண்டால் மனம் நிறைந்துவிடும்.

ஒய்.எஃப்.இசட். எண்ணெய், பெட்ரோலோடு சேர்த்து 184 கிலோ. ஐந்து கியர், கையில் கிளட்ச், ரிவர்ஸ் கிடையாது. டிரெயிலில் நாம் அதிகம் பார்க்கும் 4×4 வண்டிகள் ஆட்டோமேட்டிக், சுமை ஏற்ற ரேக் உள்ளவை, எடை 300 கிலோவைத் தாண்டும். ரேஸுக்கு என்று மாற்றும்போது நல்ல ஷாக் அப்சார்பர், ஹேண்டில்பார் வெட்டி இழுக்காமல் அடக்கும் ஸ்டியரிங் டாம்பர், கால் சக்கரத்தில் சிக்காமல் காக்கும் நெர்ஃப் பார், பஞ்சரானாலும் டயர் கழன்று போகாமல் பிடிக்கும் பீட்லாக் ரிம் என்று பட்டியல் போகும். தாவல்கள் நிறைந்த சிறிய சுற்றில் ஓடும் மோட்டோகிராஸுக்கு வண்டியை அகலமாக்கித் தாழ்த்துவார்கள், கிட்டத்தட்ட 127 செ.மீ. வரை. காட்டு ரேஸுக்கு அவ்வளவு அகலம் ஆகாது. இரண்டு மரத்துக்கு நடுவே புகுந்து வர வேண்டுமே.

முதல் ரேஸுக்கு இதெல்லாம் தேவையில்லை. நெர்ஃப் பார், கில் சுவிட்ச், ஹேண்ட் கார்டு, நல்ல டயர் போதும். மிச்சப் பணத்தைப் பெட்ரோலுக்கும் பயிற்சிக்கும் செலவு பண்ணுங்கள்.

கையில ஒரு கயிறு கட்டியிருக்காங்களே, அது எதுக்கு?

அதுதான் மேலே சொன்ன கில் சுவிட்ச். கயிற்றின் ஒரு முனை ரைடரின் மணிக்கட்டிலோ உடுப்பிலோ இருக்கும். மறு முனை ஹேண்டில்பாரில் உள்ள சுவிட்சில் மாட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இஞ்சின் நின்றுவிடும். ஆளில்லாத வண்டி த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) சிக்கிய நிலையில் கூட்டத்துக்குள் பாய்வதைத் தடுக்க ரேஸில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். டிரெயிலில் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். செங்குத்தான ஏற்றத்தில் நீங்கள் விழுந்து வண்டி மட்டும் கீழே உருண்டால், கீழே நிற்பது உங்கள் நண்பர்கள்தான்.

ரேஸுக்குத் தயார் பண்ணின வண்டியை டிரெயிலுக்கும் கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் சில சிக்கல் உண்டு. தேசியக் காடுகளுக்குள் ஓட்ட வேண்டுமானால் சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் இருக்க வேண்டும். ரேஸ் சைலன்சர் பலவற்றில் அது இருக்காது. சத்தமும் அதிகம். டிரெயில் ஓரம் குடியிருப்பவர்களின் பொறுமை போனால் அந்த டிரெயிலே நமக்கு இல்லாமல் போகும். ரேஸ் வண்டியில் ஹெட்லைட்டைக் கழற்றியிருப்பார்கள், இருட்டுவதற்குள் திரும்ப முடியாவிட்டால் திண்டாட்டம். ரிவர்ஸ் இல்லாததால் குறுகலான இடத்தில் இறங்கித்தான் இழுக்க வேண்டும்.

ஷாக் விஷயம் இன்னும் முக்கியம். ரேஸ் வேகத்துக்கு இறுக்கி வைத்த ஷாக், மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு கல்லையும் முதுகுக்கு அனுப்பும். நாள் முழுக்க அப்படி ஓட்டினால் மறுநாள் குனிய முடியாது.

ரேஸ் அன்னைக்கு என்னதான் நடக்கும்? எப்படி ஆரம்பிப்பாங்க?

கிராஸ் கன்ட்ரியில் இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிரிவும் ஒரு வரிசை. வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டுக் கொடி விழும். பத்து நொடி என்று கத்துவார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்த மைதானம் சட்டென்று அமைதியாகிவிடும். இடது கை கிளட்சைப் பிடித்திருக்கும், வண்டி கியரில் இருக்கும், கட்டைவிரல்கள் ஸ்டார்ட் பொத்தானிலும் த்ராட்டிலிலும் தவிக்கும். கொடி அசைந்ததும் வரிசையில் இருக்கும் எல்லா இஞ்சினும் ஒன்றாக உயிர் பெறும். ஒன்றிரண்டு மட்டும் இருமிக்கொண்டு நிற்கும். முதல் வளைவை எல்லாரும் ஒரே நேரத்தில் அடைவார்கள். அங்கே முதலாவதாக நுழைபவருக்கு மட்டும்தான் பாதை கண்ணுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் புழுதியோ சேறோதான்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம், ஜி.என்.சி.சி.யில் ரேஸுக்கு முன்னால் வண்டியில் கோர்ஸைச் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். நடந்து பார்க்கலாம். ஆக முதல் லேப்பில் எல்லாருக்கும் அது புதுப் பாதை. அதற்கப்புறம் பாதையே மாறத் தொடங்கும். முதல் லேப்பில் ஓடைக்கரையில் சுலபமாக ஏறிய வழி, மூன்றாம் லேப்பில் ஆக்சில் தட்டும் அளவுக்குப் பள்ளமாகியிருக்கும். வேர்கள் தோல் உரிந்து வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கும். முந்தின லேப்பில் எடுத்த வழி இப்போது இல்லை என்பதைத் தூரத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை பெட்ரோல் நிரப்ப நிற்பார்கள். தேர்ந்த குழுக்கள் அதைச் சில நொடிகளில் முடித்து அனுப்பிவிடும்.

மோட்டார்தானே ஓடுது, உட்கார்ந்திருக்கறதுல என்ன களைப்பு?

உட்காருவதே இல்லை என்பதுதான் பதில். கரடுமுரடான இடம் முழுவதும் முழங்காலை மடக்கி நின்றபடிதான் ஓட்டுவார்கள். குவாடின் பின் ஆக்சில் ஒரே தண்டு. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் வண்டி எப்போதும் நேராகப் போகவே பார்க்கும். வளைக்க வேண்டுமானால் உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து, வெளிப்பக்க ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டை) எடையை வைத்து, த்ராட்டிலால் பின் பக்கத்தைக் கொஞ்சம் வழுக்க விட வேண்டும். நன்றாகப் பிடிக்கும் கெட்டித் தரையில் சாய மறந்தால் வண்டி வெளிப்பக்கமாகக் கவிழும். இதை ஒவ்வொரு வளைவிலும் இரண்டு மணி நேரம் செய்து பாருங்கள்.

முதலில் போவது முன்கை. கல்லாக இறுகிப் போய் பிரேக் லீவரைப் பிடிக்க விரல் வராது. அதோடு த்ராட்டில் கட்டைவிரலால் அழுத்தும் வகை என்பதால் அந்த ஒரு விரலே மரத்துப் போகும். டிரெயிலில் முன்கை இறுகினால் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம். அதனால்தான் பல வருடம் டிரெயில் ஓட்டியவருக்குக்கூட முதல் ரேஸில் உடம்பு அதிர்ச்சி அடைகிறது.

டி.வி.யில பாலைவனத்துல ஓட்டறாங்களே, அதுவும் இதே ரேஸ்தானா?

இல்லை. மோட்டோகிராஸில் சிறிய சுற்று, பெரிய தாவல்கள், வாயிற்கம்பி விழுந்ததும் தொடக்கம், ஒரே நாளில் இரண்டு சிறு ரேஸ். நாம் பேசிக்கொண்டிருக்கும் கிராஸ் கன்ட்ரி, காட்டுக்குள் நீண்ட சுற்று. பிரான்சில் பான்-த-வோ ஊரில் நடப்பது குழுவாக மாறி மாறி ஓட்டும் 12 மணி நேர ரேஸ்.

பாலைவனத்தில் நீங்கள் பார்த்தது டக்கார் என்ற பல நாள் ரேஸாக இருக்கும். அங்கே சுற்றே கிடையாது, நாள்தோறும் புதுப் பாதை, வழியையும் ரைடரே கண்டுபிடிக்க வேண்டும். 2009இல் குவாடுகளுக்குத் தனிப் பிரிவு வந்தது. அர்ஜென்டினாவின் பத்ரோனெல்லி சகோதரர்கள், மார்க்கோஸ் மூன்று முறையும் அலெஹாந்த்ரோ இரண்டு முறையும் வென்றார்கள். 2024க்குப் பிறகு அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

ஒரு விதத்தில் டக்கார்தான் டிரெயில் ஓட்டத்துக்கு நெருக்கம். அடுத்து என்ன வரும் என்று தெரியாத இடத்தில் கொஞ்சம் கையிருப்பு வைத்து ஓட்டுபவர்தான் அங்கே கடைசிவரை தாங்குவார்.

டிரெயில்ல ஒருத்தரை ஓவர்டேக் பண்றதும் ரேஸ்ல பண்றதும் ஒண்ணுதானே?

ரேஸில் முன்னால் இருப்பவர் வழி விட வேண்டிய அவசியமில்லை, அவர் உங்களோடு போட்டியிடுபவர். ஒரு லேப் பின்தங்கியவர் மட்டும் வேகமாக வருபவருக்கு ஒதுங்குவார். குவாட் அகலமான வண்டி என்பதால் மரங்களுக்கு நடுவே முந்துவது கடினம். முன்னால் போகிறவர் எங்கே தவறு செய்வார் என்று ஒரு லேப் முழுக்கப் பின்தொடர்ந்து காத்திருப்பார்கள்.

டிரெயிலில் முந்துவது என்பது அனுமதி கேட்டுச் செய்வது. இடைவெளி விட்டுப் பின்தொடருங்கள், அவர் பார்த்து ஒதுங்கிக் கை காட்டியதும் மெதுவாகப் போங்கள். எதிரே ஆள் வந்தால் உங்களுக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்டுங்கள். கடைசி ஆள் கையை முஷ்டியாகக் காட்டுவார். இந்தச் சின்னப் பழக்கம் வளைவில் நேருக்கு நேர் மோதுவதை எத்தனையோ முறை தவிர்த்திருக்கிறது.

ரேஸ்தானே ஆபத்து? அதுக்கு டிரெயில் எவ்வளவோ பரவாயில்லைன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்.

வீட்டில் சொன்னதை மறுபடி யோசியுங்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கைகளில், ஏ.டி.வி. முதலான சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளால் ஆண்டுக்குச் சராசரியாக 700 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் ஹெல்மெட் இல்லாமை, மது, ஒருவர் வண்டியில் இருவர், தார்ச்சாலையில் ஓட்டுவது. ரேஸ் மைதானத்தில் இவை எதற்கும் இடமில்லை.

ரேஸில் எலும்பு முறிவது சகஜம், அதை மறைக்க மாட்டேன். வண்டியின், உடம்பின் எல்லை வரை ஓட்டுபவர் அந்த எல்லையைத் தாண்டினால் விழத்தான் செய்வார். ஆனால் விழுந்தால் பார்க்க ஆள் இருக்கிறது. மருத்துவக் குழு மைதானத்திலேயே இருக்கும், ரேஸ் முடிந்ததும் பாதையைச் சுற்றி வந்து யாரும் விடுபடவில்லை என்று உறுதி செய்வார்கள். மேற்கு வர்ஜீனியாவின் பள்ளத்தாக்குகளில் பல இடத்தில் செல்போன் சிக்னலே கிடைக்காது. தனியாகப் போய் விழுந்தால் யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. குறைந்தது இருவராகப் போங்கள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

பையனுக்கு 11 வயசு. ரேஸ் ஓட்டணும்னு அடம் பிடிக்கிறான். விடலாமா?

வயதுக்கு ஏற்ற வண்டி என்றால் விடலாம். வண்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 10 வயதுக்கு மேற்பட்டோர், 12 வயதுக்கு மேற்பட்டோர் என்று தனித்தனியாக இருக்கும். பெரியவர்கள் வண்டி 16 வயதுக்கு மேல்தான். வளர்ந்துவிடுவான் என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்கும் பழக்கம் சட்டைக்குச் சரி, இதற்கு வேண்டவே வேண்டாம். வழுக்கும் வண்டியை எடையால் அடக்க அவனால் முடியாது.

அமெரிக்காவில் ஏ.டி.வி. பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் பயிற்சி வகுப்பை முதலில் முடிக்கட்டும். அப்புறம் சிறுவர் ரேஸ். அதில் நேரம் குறைவு, கூட ஓடுபவர்களும் அதே வயதுக்காரர்கள். உங்கள் பின்னால் பெரியவர்களின் வேகத்தைத் துரத்திக்கொண்டு டிரெயிலில் வருவதை விட அது நல்ல இடம்.

ரேஸுக்குப் பிராக்டிஸா டிரெயில்ல வேகமா ஓட்டினா போதாதா?

போதாது, அப்படிச் செய்யவும் கூடாது. ரேஸ் வேகத்தை டிரெயிலில் பழக வேண்டுமானால் முதல் பதிலில் சொன்ன பார்வைத் தூரத்தை மீறித்தான் ஆக வேண்டும். அதன் விலையை எதிரே வருபவரும் சேர்ந்து கொடுப்பார். தனியார் நிலத்தில் அனுமதியோடு ஒரு சிறு சுற்று போட்டு அதையே நூறு முறை ஓட்டுங்கள், அல்லது பயிற்சிக்குத் திறந்திருக்கும் மோட்டோகிராஸ் டிராக்குக்குப் போங்கள்.

டிரெயிலில் பழக வேண்டியவை வேறு: நின்று ஓட்டுவது, தூரத்தில் பார்ப்பது, ஏற்றத்தில் எடையை நகர்த்துவது, பிரேக்கை மென்மையாகப் பிடிப்பது. இவற்றை மெதுவாகவே பழகலாம். திறமை இடம் மாறும் என்பதற்குப் பேரி ஹாக் நல்ல உதாரணம். 1993 முதல் 1999 வரை ஜி.என்.சி.சி. ஏ.டி.வி. பட்டத்தைத் தொடர்ந்து ஏழு முறை வென்றார். பிறகு இரண்டு சக்கரத்துக்கு மாறி 2003இல் பைக் பட்டத்தையும் எடுத்தார். காட்டுப் பாதையைப் படிக்கும் கண் அவரோடு கூடவே போயிற்று.

அண்ணா, நாங்க நாலு பேர் டிரெயில்ல ஸ்டாப்வாட்ச் வச்சு டைம் பார்த்தா அதுவும் ரேஸ்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே தொகுத்தேன் என்று சொல்லலாம். நேரம் பார்க்கத் தொடங்கியதும் மனம் எல்லையைத் தேடும். ஆனால் மூடிய பாதை இல்லை, ஒரே திசை இல்லை, கில் சுவிட்ச் கட்டாயமில்லை, மருத்துவக் குழு இல்லை. ரேஸின் ஆபத்து முழுவதும் இருக்கிறது, அதன் ஏற்பாடு ஒன்றுகூட இல்லை. எதிரே வரும் குடும்பத்துக்கு உங்கள் ஸ்டாப்வாட்ச் ஓடுவதும் தெரியாது.

பணக் கணக்கும் உண்டு. ஏ.டி.வி. இன்சூரன்ஸ் பாலிசிகள் ரேஸையும் நேரம் பார்த்து ஓட்டுவதையும் பொதுவாக விலக்கி வைத்திருக்கும். வாரண்டியும் அப்படித்தான். உங்கள் பாலிசியில் அந்தப் பகுதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். நாலு பேருக்கும் யார் வேகம் என்று தெரிய வேண்டுமானால், நாலு பேரும் ஒரே ரேஸில் பெயர் கொடுங்கள்.

சரி, பெயர் கொடுக்கறோம். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

நேராக ஜி.என்.சி.சி.க்குப் போகத் தேவையில்லை. பல மாநிலங்களில் உள்ளூர்த் தொடர்கள் இருக்கின்றன, கூட்டமும் பயமும் குறைவு. எங்கே போனாலும் புதியவர்களுக்கான சி பிரிவில் சேருங்கள். டிரெயிலில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதற்கு மேலான பி பிரிவில் போய் நிற்காதீர்கள். ஏ.எம்.ஏ. (அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் சங்கம்) அங்கீகாரம் பெற்ற ரேஸ் என்றால் அவர்களின் உறுப்பினர் அட்டை வேண்டும். முதல் நாளே போய்க் கோர்ஸை நடந்து பாருங்கள், குறிப்பாக ஓடைகளையும் ஏற்றங்களையும். ஒவ்வொன்றிலும் இரண்டு வழி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அடைபட்டால் மற்றது உதவும். கண்ணைக் காக்கும் கண்ணாடி இரண்டு, கையுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். தொடக்கத்தில் வரிசையின் ஓரத்தில் நின்று, முதல் வளைவை மற்றவர்கள் கடந்தபின் போனாலும் தவறில்லை. இரண்டு மணி நேரம் இருக்கிறது.